பட்டாணிப்பூ விஷயமாகச் சம்பந்தி அவர்களுக்கு

சேசு மரி சூசை காவலில்

தோட்ட மருந்தகம்,
புக்கிட் ரோத்தான்.
செப்டம்பர் 1952, ஞாயிறு பூசைக்குப் பின்.

மகா கனம் பொருந்திய சம்பந்தி எர்னஸ்ட் அவர்களின் சமூகத்துக்கு, தோட்ட மருந்தகத்து டிரெஸர் அமலதாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மகள் ஜோனும் சர்வேசுரன் கிருபையால் நலம். நலம் என்று எழுதியது வழக்கத்தினால்தான். விவரம் கீழே வருகிறது. அவ்விடம் ரவாங்கில் தாங்களும், தங்கள் இல்லத்தரசி பியாட்ரிஸ் அம்மாளும், மாப்பிள்ளை டக்ளஸ் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் மேலே தடவுவதற்கு மட்டுமே, உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு அல்ல என்பதை மறுபடியும் ஞாபகப்படுத்துகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் பங்குச் சாமியார் கையில் கொடுத்தனுப்பக் காரணம் உண்டு. இந்த அவசரகாலத்தில் தபாலை யார் பிரிக்கிறார்கள், யார் ஒட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சாமியார் பிரிக்கமாட்டார், அதிகம் போனால் அங்கியில் வைத்துக்கொண்டு மறந்துவிடுவார். ஆகவே கடிதம் தாமதமாகக் கிடைத்தால் என்னைத் தவறாக எண்ண வேண்டாம். இதில் நான் எழுதப்போகும் ஒரு பெண்ணின் பெயரைப் படித்த பிறகு தாங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஈஸ்டர் முடிந்து தாங்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்திருந்தபோது, தாங்கள் எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. தாங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று ஜோன் சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. பியாட்ரிஸ் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார்கள். ரெயில்வே இஞ்சினியர் துரையின் மகள் கல்யாணப் போட்டோ. அந்தப் பெண் கையில் ஒரு கொத்துப் பூ இருந்தது. "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு கையிலயும் இந்தப் பூதான் இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எங்களுக்கு" என்றார்கள். தாயில்லாத பெண்ணை வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்களோ என்று பயந்திருந்த எனக்கு, கேட்டது ஒரு கொத்துப் பூ என்றதும் கண் கலங்கிவிட்டது. ஆகட்டும் என்று வாக்குக் கொடுத்தேன். அது என்ன பூ என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தேன்.

அந்தப் பூவின் இங்கிலீஷ் பெயரில் முன்பாதி 'சுவீட்'. பின்பாதியைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவது மரியாதை ஆகாது. ஆகையால் பட்டாணிப்பூ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். இந்த மரியாதைதான் பின்னால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

கேமரன் மலைக் குளிரில் அந்தப் பூ நன்றாக வருமாம். ஆனால் லோரியை வழிமறித்துச் சுடுகிற பாதையில் பூவுக்காக ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு விதைக் கடைக்கு எழுதிப் போட்டேன். பொட்டலம் கோலசிலாங்கூர் தபாலாபீசுக்கு வந்து சேர்ந்தது. அதை வாங்கிக்கொண்டு, களை எடுத்துவிட்டு வரும் பெண்களோடு பெண்களாகத் தோட்டத்து கேட்டுக்குள் நுழைந்தேன். தாங்கள் ரெயில்வே ஊரில் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷம் எங்கள் குடியிருப்பு லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ரேஷனுக்கு மேல் ஒரு பிடி உணவு உள்ளே வரக்கூடாது, ஒரு பிடி வெளியே போகவும் கூடாது. கேட்டில் நின்று சோதிப்பவன் சோமு, நம் தோட்டத்துப் பையன்தான், இப்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பொட்டலத்தில் என்ன என்று கேட்டான். இத்தனை பெண்களுக்கு நடுவில் அந்த இங்கிலீஷ் பெயரை நான் எப்படிச் சத்தமாகச் சொல்வேன்? பட்டாணி என்று சொன்னேன்.

"பட்டாணின்னா சாப்பாட்டுச் சாமான் லா, டிரெஸர்" என்றான் சோமு.

பூப் பட்டாணி, திங்கிற பட்டாணி இல்லை என்றேன். பட்டாணியில் அப்படி ஒரு சாதி இருப்பதாகத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டான். அது கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருக்கும் வெள்ளைக்கார போலீஸ் துரையின் மேசையில் கிடந்து, ஒரு வழியாகத் திரும்பி வந்தது. பூ தானே, வளர்த்துக்கொள்ளட்டும், ஆனால் வேலியில் முழங்காலுக்கு மேல் எதுவும் ஏறக்கூடாது, காவல்காரன் வெளியே பார்க்க வேண்டும் என்று துரை வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அன்றைக்கே என் பெயரும் பட்டாணியும் போலீசாரின் ஞாபகத்தில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன என்பது எனக்குத் தெரியவில்லை.

மருந்தகமும் என் வீடும் வேலியோரம். பின்கதவைத் திறந்தால் வேலி, அதற்கப்பால் ரப்பர், அதற்கும் அப்பால் காடு. வேலியடியில் மண்ணைக் கொத்தி, ஆட்டுப்புழுக்கை போட்டு, செபம் சொல்லி விதைத்தேன். தினமும் விடியற்காலையில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதற்கு முன்பே நான் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவேன். முளைத்தது. பலவிதமாக முளைத்தது. சில முளைகள் வெளுத்து, நோஞ்சானாக, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்தன. மற்றவை கரும்பச்சையாக, நாளுக்கு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறின. நான் நோஞ்சான்களைக் களை என்று பிடுங்கிப் போட்டேன். ஜோன் பின்வாசலில் நின்று, "அப்பா, நீங்க பிடுங்குறதுதான் பொட்டலத்துப் படத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். கப்பல் ஏறி வந்த இங்கிலீஷ் பூ இப்படியா சோகை பிடித்துக் கிடக்கும் என்று அவளைக் கண்டித்தேன். முப்பது வருஷமாகச் சோகையைப் பார்க்கிறவன் நான். அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்படியாக நான் பட்டாணிப்பூவை என் கையாலேயே பிடுங்கிவிட்டு, அதன் காட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் எரு போட்டு வளர்த்தேன். எந்தெந்தக் கொடி என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மலாய்க்காரர்கள் சோற்றுக்கு நீலச் சாயம் ஏற்றும் சங்குப்பூக் கொடி ஒன்று. ரப்பர் மரங்களுக்கு நடுவில் மண் கரையாமல் இருப்பதற்குத் தோட்டத்தார் விதைக்கும் ஊதாப்பூக் கொடி ஒன்று. அது வெளியிலிருந்து வேலிக்குள் கை நீட்டியது. இன்னொன்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். எல்லாமே பட்டாணிக் குடும்பமாம். எல்லாப் பூவிலும் அதே மடிப்பு, அதே இரண்டு சிறகு. நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தியை அழைத்தால் அவள் வராமல் அவளுடைய உறவுக்கூட்டம் மட்டும் வந்து தங்கிவிட்ட மாதிரி ஆயிற்று. இதை நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன்; தங்கள் உறவினர்களை நினைத்து அல்ல.

ஒரு நாள் காலையில் பின்கதவைத் திறந்தபோது வள்ளியம்மா வேலியடியில் குந்தியிருந்தாள். களை எடுக்கும் கூட்டத்துப் பெண், அடுத்த லயம். கையில் ஒரு குச்சி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். என் பூச்செடிக்குக் களை எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்து, உனக்கு எதற்கம்மா இந்தச் சிரமம், மிகவும் நன்றி என்று சொன்னேன்.  "சரிங்க டிரெஸர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளைப் பற்றித் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் புருஷன் இருசப்பன் நல்ல ரப்பர்ப் பால்வெட்டுக்காரன். போன வருஷம் அவனுடைய பால்வாளியில் ஒரு சோற்றுப் பொட்டலம் இருந்தது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் தான் சாப்பிட எடுத்துப் போனதாக அவன் சொன்னான். இருக்கலாம். விசாரித்து முடித்து அவனைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பிறந்தது சுங்கை செம்பிலாங் பக்கம். நாகப்பட்டினத்தில் அவனுக்கு ஒரு ஆளையும் தெரியாது. அதற்குப் பிறகு வள்ளியம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ஆள் ரேஷனிலும் ஒரு ஆள் சம்பளத்திலும் இருக்கிறாள். அந்தப் பிள்ளைகளின் எடை எனக்குத் தெரியும். நான்தான் நிறுக்கிறேன்.

ஆகஸ்டில் கொடி பூத்தது. வெளிர் நீலத்தில், அந்தப் போட்டோவில் இருந்தது போலவே பூத்தது. நான் வேலியடியில் முழந்தாளிட்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். தங்களுக்குக் கடிதம் எழுதி, கொத்து தயார் என்று தெரிவிக்கலாம் என்று பேனாவையும் எடுத்தேன். அதற்குள் பூ உதிர்ந்து காய் வைத்தது. நீளமான காய், நான்கு பக்கமும் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி விளிம்பு. பட்டாணி நீளமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் கொடி முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, என் தலைக்கும் மேலே போய்விட்டது. கல்யாணத்துக்கு வேண்டிய கொடியை வெட்ட எனக்குக் கை வரவில்லை. சோமுவும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டால் தன்மேல் பழி வருமே என்று விட்டுவிட்டான்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ரோந்து வந்த போலீசார் வேலிக்கு வெளிப்பக்கம் காய் பறித்த காம்புகளைக் கண்டார்கள். உச்சியில் ஒன்றிரண்டைத் தவிர உள்பக்கமும் காய் இல்லை, வெளிப்பக்கமும் இல்லை. வேலி மறைவாக இருக்கிறது, அதில் உணவு காய்க்கிறது, அது காட்டுப் பக்கம் பறிக்கப்படுகிறது. யார் வீட்டு வேலி? பட்டாணி டிரெஸர் வீட்டு வேலி. அன்று மத்தியானமே, ஒரு குழந்தைக்குக் காது கழுவிக்கொண்டிருந்த என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜோன் என் செபமாலையை ஓடிவந்து கொடுத்தாள். அழவில்லை. அந்தக் குழந்தையின் மற்றக் காதைத் தான் கழுவிவிடுவதாக மட்டும் சொன்னாள்.

சம்பந்தி அவர்களே, இதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

போலீஸ் துரை தன் மேசையில் அந்தக் காயை வைத்து, இது என்ன என்று கேட்டார். பட்டாணிப்பூவின் காய் என்றேன். துரை சிறு வயதுக்காரர், வெயிலில் மூக்கு உரிந்துபோயிருந்தது. தன் தாயார் வீட்டுச் சுவரோரம் வருஷா வருஷம் அந்தப் பூ வளர்ப்பதாகவும், அதன் காயைத் தான் பார்த்திருப்பதாகவும், இது அது அல்ல என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற மலாய்க் கார்ப்பரல், "காச்சாங் போத்தோல், துவான். சம்பலோடு சாப்பிடுவோம்" என்றார். தோட்டத்து ஆட்கள் சிறகவரை என்பார்களே, அதேதான். நானும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். கொடியில் தொங்கும்போதுதான் அடையாளம் தெரியவில்லை.

இந்தக் கொடியை நட்டது யார் என்று துரை கேட்டார்.

அந்த நிமிஷத்தில்தான், சம்பந்தி அவர்களே, வள்ளியம்மாவின் கையில் இருந்தது விதை ஊன்றிய குச்சி என்பதும், அவள் முந்தானையை ஏன் இழுத்துப் போர்த்துக்கொண்டாள் என்பதும் என் புத்திக்கு எட்டியது. நான் அவளுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன். அவள் பெயரை நான் சொன்னால் போதும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். மகள் கல்யாணத்துக்கும் குந்தகம் வராது. அவள் ஏற்கெனவே பெயர் கெட்ட வீட்டுப் பெண், அவர்கள் உடனே நம்புவார்கள். அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

நான்தான் நட்டேன் என்றேன்.

துரை வெளியே ஆள் அனுப்பி, எங்கள் வேலியிலிருந்து வெட்டி வந்திருந்த கொடிகளில் மூன்று துண்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்தார். இதில் நீ நட்டது எது என்று கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நன்றாகப் பார்த்து, மிகுந்த நம்பிக்கையோடு ஒன்றைக் காட்டினேன். அது சங்குப்பூ. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ரப்பர்க் காட்டுக் கொடியைக் காட்டினேன். டிரெஸர், நீ பொய் சொல்கிறாய், அதுவும் மோசமாகச் சொல்கிறாய், யாரையோ மறைக்கிறாய் என்று சொல்லி என்னை லாக்கப்பில் வைக்கச் சொன்னார். என் அறியாமை என்னைக் காப்பாற்றவில்லை; இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டது.

லாக்கப்பில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். சம்சுச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர், மரியாதையான மனிதர், தன் பாயில் பாதியை எனக்குக் கொடுத்தார். என்ன கேஸ் என்று கேட்டார். பூ வளர்த்தேன் என்றேன். அவர் பாயை மறுபடியும் இழுத்துக்கொண்டார். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று அவர் நினைத்தாரோ தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே குன்றின் மேல் சாம்பல் நிறக் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தன. எங்கள் வேலிக்கு வெளியே காய் பறித்தது மனிதர்களா, இந்தக் கூட்டமா என்று அவற்றைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இன்று வரைக்கும் தெரியாது. தெரிந்தாலும் துரை ஒரு குரங்கின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளமாட்டார். செபமாலை சொல்ல உட்கார்ந்தால் ஜோன் முகமே வந்தது. என்னையும் கப்பலேற்றினால் அவள் என்ன செய்வாள்? நானும் இருசப்பன் மாதிரிதான், சம்பந்தி அவர்களே. இந்தியாவை நான் பார்த்ததில்லை.

இதற்கிடையில் துரை எங்கள் வேலியைச் சுத்தம் செய்ய உத்தரவு போட்டுவிட்டார். ஒரு இலைகூட இருக்கக் கூடாது. சோமுவும் மற்றக் கான்ஸ்டபிள்களும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொடியை இழுத்திருக்கிறார்கள். அவர்கள் இழுத்தது போதாது என்று துரையே இறங்கி, இப்படி இழுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கிறார். மேலே ஒரு கொடியைப் பற்றிக் கீழே சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வெளிப்பக்கத்தில் நான் பார்க்காமலேயே ஏறியிருந்தது பூனைக்காலி. அதுவும் பட்டாணிக் குடும்பம்தான், ஆனால் பொல்லாத கிளை. அதன் காய் முழுக்கப் பழுப்பு நிறச் சுனை. வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. உலுக்கியதும் சுனை தூசி மாதிரி பறந்து எல்லார் மேலும் இறங்கிவிட்டது. அது மேலே பட்டால் என்ன ஆகும் என்பதை டிரெஸரான நான் விவரிக்க வேண்டாம். ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கிக் கட்டையால் முதுகைச் சொறிந்தாராம். சோமு ஆற்றில் குதிக்க ஓடினானாம். கேட்டைப் பூட்டியிருந்ததால் கேட்டின் மேலேயே உரசிக்கொண்டு நின்றானாம்.

எல்லாரும் மருந்தகத்துக்கு ஓடி வந்திருக்கிறார்கள். ஜோன் கதவைத் திறந்து, சொறியாதீர்கள், சொறிந்தால் பரவும் என்று சொல்லி வரிசையில் நிற்க வைத்திருக்கிறாள். மருந்தைப் போடு என்று சார்ஜண்ட் கத்தியிருக்கிறார். அதற்கு என் மகள் சொன்னது இது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் இதை எனக்குத் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்.

"அலமாரிச் சாவி அப்பாகிட்ட இருக்கு. அப்பா உங்ககிட்ட இருக்காரு."

சாவி எப்போதும் போலத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பொய் சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஜீப் வந்தது. துரை சட்டைப் பொத்தானெல்லாம் கழன்று, கண் சிவந்து, நேராக லாக்கப்புக்கே வந்து, நீ டிரெஸர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். சம்சுக்காரர் எழுந்து நின்று எனக்கு வழி விட்டார். நான் தோட்டத்துக்கு வந்ததும், தேங்காய் எண்ணெய் தடவி, மூங்கில் சிலாம்பால் சுனையை வழித்தெடுத்து, அதன் மேல் இளஞ்சிவப்புக் களிம்புத் தண்ணீரைப் பூசினேன். மருந்தகத்துக்கு வெளியே பெஞ்சில் ஸ்டேஷன் முழுவதும் இளஞ்சிவப்பாக உட்கார்ந்திருந்தது. லயத்துக் குழந்தைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை; சிரிக்கிற காலம் அல்ல. வள்ளியம்மாவும் தன் பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் நின்றாள்.

கடைசியாகத் துரை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பூசிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே, அந்த அவரையை நட்டது யார் என்று மறுபடியும் மெதுவாகக் கேட்டார். இப்போது கேட்டது அதிகாரத்தில் அல்ல. ஆனாலும் நான், "நான்தான், துரை" என்றேன். அவர் இன்னொரு தோளையும் காட்டினார். பிறகு, தானாக முளைத்தது என்று எழுதிவிடுகிறேன், இந்த நாட்டில் எல்லாமே தானாகத்தான் முளைக்கிறது என்றார். சட்டையைப் போட்டுக்கொள்ள முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அடுத்த நாள் வள்ளியம்மா சின்னவனுக்குக் கால் புண்ணுக்கு மருந்து போட வந்தாள்.  கட்டுப் போட்டு முடித்ததும் வாசல்படியில் நின்று கேட்டாள்.

"உங்களைக் கொண்டுபோன அன்னிக்கே நான் மூட்டையைக் கட்டி வெச்சிட்டேங்க டிரெஸர். இப்ப அவுத்துடட்டுங்களா?"

அவிழ்த்துவிடு என்றேன். 

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதிய காரணத்துக்கு வருகிறேன். துரை தானாக முளைத்தது என்று எழுதினாலும், நான் லாக்கப்பில் இருந்தது இருந்ததுதான். ஆபீசுப் பெரிய கிராணி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தோட்டத்து மேனேஜர் துரை என்னை அழைத்து, இனி ஒரு தடவை இப்படி நடந்தால் வேறு டிரெஸர் பார்த்துக்கொள்வேன் என்று எச்சரித்தார். வேலியோர வீட்டிலிருந்து என்னை எழுப்பி, லயத்தின் நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் குடி வைக்கப்போகிறார்கள். மாப்பிள்ளை டக்ளஸ் தம்பி ரெயில்வேயில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறார். கம்யூனிஸ்டுக்கு அவரைக்காய் கொடுத்தவன் மகளைக் கட்டினார் என்று நாளைக்கு ஒருவன் மொட்டைக் கடுதாசி போட்டால், அந்த உத்தியோகம் என்ன ஆகும்? அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை என் வேலியில் சிக்க வைக்க நான் விரும்பவில்லை. அம்மாள் கேட்ட ஒரே பொருளையும் என்னால் கொடுக்க முடியவில்லை. அந்த விதையில் ஒரு பூகூடப் பூக்கவில்லை.

ஆகையால், நிச்சயம் செய்ததிலிருந்து தாங்கள் விலகிக்கொள்ள விரும்பினால், நாங்கள் ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லமாட்டோம். மோதிரத்தை ஜோன் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இதைத் தங்களுக்கு எழுதப்போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். "எழுதுங்கப்பா, மறைச்சுக் கட்டிக் குடுக்க வேணாம்" என்றாள். அதன் பிறகு வெகுநேரம் அடுப்பங்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்கின பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள். ஒரு தகப்பன் பார்க்கக்கூடாத காட்சி அது. தாங்கள் நிதானமாக யோசித்து, ஆறு மாதமானாலும் சரி, தீர்மானித்து எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

தங்களையும் தங்கள் குடும்பத்தாரையும் சர்வேசுரன் சகல தீமையிலிருந்தும், முழங்கால் வலியிலிருந்தும், தானாக முளைக்கிற எல்லாவற்றிலிருந்தும் காத்து இரட்சிப்பாராக. டக்ளஸ் தம்பிக்கு என் ஆசீர். அவர்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு என்று சொல்லுங்கள். பியாட்ரிஸ் அம்மாளுக்கு என் தாழ்மையான தோத்திரமும் மன்னிப்பு விண்ணப்பமும்.

இப்படிக்கு,
சம்பந்தி என்று கையெழுத்துப் போட உரிமை உண்டா என்று தெரியாத,
அமலதாஸ்.

பி.கு.: கடிதத்தை மடித்துச் சாமியார் கையில் கொடுக்கப் போனபோது சோமு ஓடி வந்து, கேட்டில் ஒரு அம்மாள் சண்டை போடுவதாகச் சொன்னான். போய்ப் பார்த்தால் தங்கள் இல்லத்தரசி. நான் லாக்கப்பில் இருந்த சேதியை ரவாங்கில் ஒரு லோரிக்காரர் சொல்லியிருக்கிறார். தாங்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மாள் பஸ் ஏறிவிட்டார்களாம். தங்களிடம் சொல்லவில்லையாம்; காலையிலிருந்து தாங்கள் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தால் அவர்கள் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் விலாசம் எழுதிய இந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார்கள். நான் தலை குனிந்து நின்றேன். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்கள்:

"ஜப்பான்காரன் காலத்துல எங்கண்ணனை ஒருத்தன் கை காட்டினான். அவ்வளவுதான் அவன் செஞ்சது, கையைக் காட்டினான். அண்ணன் சயாம் ரெயில் போடப் போனவரு திரும்பி வரலை. நீங்க கை காட்டலை. எனக்கு அது போதும்."

தங்கள் மைத்துனரைப் பற்றித் தாங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாளும் இத்தனை வருஷமாக யாரிடமும் பேசியதில்லையாம்.  மருந்து கலக்குவது போல உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மோதிரம் ஜோன் விரலில் இருந்தது. சாமியாரையும் பிடித்து உட்கார வைத்து, செபமாலை மாதா திருநாள் முடிந்த முதல் சனிக்கிழமை என்று கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். டக்ளஸ் தம்பிக்கு லீவு எழுதிக் கொடுக்கும்படி தங்களுக்கு உத்தரவு.

ஆகவே, சம்பந்தி அவர்களே, மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படிக்க வேண்டாம், படித்தால் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்று அம்மாள் சொல்கிறார்கள். அதை முதல் பக்கத்தில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். யார் செத்தார்கள் என்று பார்ப்பதற்காகத் தாங்கள் எந்தக் கடிதத்தையும் கடைசியிலிருந்துதான் படிப்பீர்களாம். யாரும் சாகவில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.